புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிகிறதா? ஷிப்ட் வேலைக்குத் திரும்பும் ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து யூரின் ட்யூபை எடுத்த பிறகு, சிறுநீர் தானாகக் கசிவது வழக்கமான ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப் போக இது குறைந்துவிடும். குறையாதவர்களுக்கும் சிகிச்சை இருக்கிறது.

ஆனாலும் பல ஆண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்துகிறார்கள், கடைசியில் வேலையையே விட்டுவிடுகிறார்கள். காலை 8.30-க்கு உள்ளே போனால் இரவு 8.30-க்கு வெளியே வரும் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம்.

கசிவு ஏன் வருகிறது? எத்தனை மாதம் இருக்கும்? வேலைக்கு எப்படித் திரும்புவது? சம்பளத்துக்கும் செலவுக்கும் என்ன வழி? விரிவாகப் பார்க்கலாம்.

கசிவு ஏன் வருகிறது?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே இருக்கும் சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே இருக்கும். சிறுநீர் வெளியேறும் குழாய் இதன் நடுவே புகுந்துதான் வருகிறது.

சிறுநீரை அடக்கி வைக்க உடம்பில் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதியில் இருக்கிறது. அது நாம் நினைக்காமலேயே வேலை செய்யும். இன்னொன்று புராஸ்டேட்டுக்குக் கீழே இருக்கிறது. 'இப்போ வேண்டாம், அப்புறம் போகலாம்' என்று நாமாக அடக்குவது இதனால்தான்.

புற்றுநோய்க்காக புராஸ்டேட்டை முழுதாக எடுக்கும்போது மேல் பூட்டு பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. சிறுநீர்ப்பையைக் கீழே இறக்கி, குழாயோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அதன் பிறகு முழு பாரமும் கீழ் பூட்டின் மேல் விழுகிறது. அதைச் சுற்றியுள்ள தசையும் நரம்பும் அடிபட்டுத் தேறிக்கொண்டிருக்கும் நேரம் அது. அதனால்தான் இருமும்போது, தும்மும்போது, எழுந்து நிற்கும்போது, பாரம் தூக்கும்போது சிறுநீர் சொட்டுகிறது.

படுத்திருக்கும்போது கசிவு குறைவாகவும், நாள் முழுக்க நின்று வேலை செய்த மாலையில் அதிகமாகவும் இருக்கும். தசை களைத்துப் போவதுதான் காரணம். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் மோசமானால் பயப்பட வேண்டியதில்லை.

எல்லா புராஸ்டேட் ஆபரேஷனும் ஒன்றா?

இல்லை. வயதானவர்களுக்கு வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்கு, குழாய் வழியாகவே உள்ளே போய் சதையைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் உண்டு. அதில் சுரப்பி முழுதாக எடுக்கப்படுவதில்லை. நீடித்த கசிவு வருவதும் அபூர்வம்.

புற்றுநோய்க்குச் செய்வது சுரப்பியையே அகற்றும் பெரிய ஆபரேஷன். அதனால், "எங்க மாமாவுக்கும் இதே ஆபரேஷன்தான், ரெண்டே வாரத்துல சரியாயிடுச்சு" என்று பக்கத்து வீட்டார் சொல்வதை வைத்து ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். அவருக்கு நடந்தது வேறு ஆபரேஷனாக இருக்கலாம்.

எத்தனை மாதம் இருக்கும்?

ஆபரேஷன் முடிந்ததும் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை ட்யூப் இருக்கும். அதை எடுத்த முதல் சில நாட்கள்தான் கடினமானவை. சிலருக்கு எழுந்து நின்றாலே ஈரமாகிவிடும். 'ஆபரேஷன் தப்பாப் போச்சோ' என்ற பயம் வருவது இந்த நாட்களில்தான்.

அதன் பிறகு மெல்ல மெல்லக் குறையும். முதலில் இரவு கசிவு நிற்கும். பிறகு உட்கார்ந்திருக்கும் நேரம் சரியாகும். நடப்பது, குனிவது, பாரம் தூக்குவது எல்லாம் கடைசியில்தான் சரியாகும். மூன்று மாதத்தில் தேறுகிறவர்களும் உண்டு, ஒரு வருடம் எடுப்பவர்களும் உண்டு. வயது, உடல் பருமன், ஆபரேஷனுக்கு முன்பே இருந்த சிறுநீர்ப் பிரச்னை, நரம்புகளை எவ்வளவு காப்பாற்ற முடிந்தது என்பதைப் பொறுத்து இது மாறும்.

பிரிட்டனில் நடந்த 'புரொடெக்ட்' என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2016-ல் வெளியாயின. அதில் ஆபரேஷன் பிரிவில் இருந்தவர்களில் ஆறாவது மாதத்தில் 46 சதவீதம் பேர் பேட் பயன்படுத்தினார்கள். ஆறாவது வருடத்தில் அது 17 சதவீதம். அதாவது, அரை வருடத்தில் பேட் வைத்துக்கொண்டிருப்பது ஊரில் ஒருவருக்கு மட்டும் நடக்கும் விஷயம் அல்ல. அதே சமயம், எல்லோருக்கும் தானாகவே முழுசாகச் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது.

கசிந்தால் கேன்சர் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. கசிவுக்குக் காரணம் அடிபட்ட பூட்டும் தசையும். புற்றுநோய் திரும்புகிறதா என்பதை பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் டாக்டர்கள் கண்காணிக்கிறார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கசிவு நின்றுவிட்டது என்பதற்காக பி.எஸ்.ஏ. பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

இடுப்புத்தள தசைப் பயிற்சி: எப்படிச் செய்வது?

இதை 'கெகல் பயிற்சி' என்று சொல்வார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் பிரசவம் ஆன பெண்களுக்காக எழுதிய பயிற்சி இது. ஆண்களுக்கும் அதே தசைதான் உதவுகிறது.

தசையைக் கண்டுபிடிப்பது எப்படி? நாலு பேர் நடுவே காற்று பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை இறுக்க வேண்டும். கூடவே சிறுநீரை அடக்குவதுபோல் முன்பக்கமும் உள்ளே இழுக்க வேண்டும். சரியாகச் செய்தால் ஆணுறுப்பின் அடிப்பகுதி உள்வாங்குவதும், விதைப்பை லேசாக மேலே தூக்குவதும் தெரியும்.

- 3 முதல் 5 நொடி வரை இறுக்கிப் பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை.
- காலை, மதியம், இரவு என ஒரு நாளைக்கு மூன்று தடவை. பழகப் பழக 10 நொடி வரை கூட்டலாம்.
- கடைசியில் சட்டென்று இறுக்கி சட்டென்று விடும் வேகப் பயிற்சி 10 முறை.
- மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, புட்டம் இறுகக் கூடாது. இறுகினால் தப்பான தசை வேலை செய்கிறது என்று அர்த்தம்.
- ட்யூப் உள்ளே இருக்கும்போது செய்யக் கூடாது. டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.
- சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது சரியான பயிற்சி அல்ல.

இதைவிட முக்கியமான ஒரு பழக்கம் இருக்கிறது. இருமுவதற்கு முன், நாற்காலியில் இருந்து எழுவதற்கு முன், கட்டிங் பண்டலைத் தூக்குவதற்கு முன் அந்தத் தசையை இறுக்கிவிட்டு, பிறகு அந்த வேலையைச் செய்ய வேண்டும். இது பழகிவிட்டால் திடீர்ச் சொட்டுகள் நன்றாகவே குறையும்.

பயிற்சியால் உண்மையிலேயே பலன் உண்டா?

பிரிட்டனில் நடந்து 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நிபுணரிடம் தனியாகப் பயிற்சி பெற்றவர்களுக்கும் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கும் ஒரு வருட முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியும் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஒரு வருடத்தில் எட்டும் இடம் ஒன்றாக இருந்தாலும், பயிற்சி செய்பவர்கள் அங்கே சீக்கிரம் போய்ச் சேருகிறார்கள் என்பதே காரணம்.

கூலி வேலை செய்பவருக்கு இரண்டு மாதம் முன்பே தேறுவது என்பது சின்ன விஷயம் இல்லை. அதே நேரம், பயிற்சி செய்தும் கசிவு நிற்கவில்லை என்றால் அது நோயாளியின் சோம்பேறித்தனமும் இல்லை.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையுமா?

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை உறுத்தும். அவசரம் கூடும், கிருமித் தொற்றும் வரலாம். மலச்சிக்கல் வந்து முக்கினால் இடுப்புத்தள தசைக்கு இன்னும் பாரம்.

ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். அயர்ன் செக்‌ஷன், சாயப்பட்டறை போன்ற வெக்கையான இடத்தில் வேலை என்றால் இன்னும் அதிகம் தேவை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பவர்கள் டாக்டர் சொன்ன அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

குறைக்க வேண்டியது டீ, காபி, மது. ஒவ்வொரு டீ டைமுக்கும் ஒரு டீ என்ற கணக்கை ஒன்றோ இரண்டோ ஆக்கினாலே வித்தியாசம் தெரியும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். கீரை, பழம், வாழைத்தண்டு என்று நார்ச்சத்து சேர்த்தால் மலச்சிக்கல் வராது.

பேட், டயப்பர், துணி: எது சரி?

லேசான சொட்டுக்கு ஆண்களுக்கான பேட் போதும். அதிகக் கசிவுக்கு, பேண்ட் போல மாட்டும் பெரியவர்களுக்கான டயப்பர். மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் இரண்டும் கிடைக்கின்றன. பெண்களுக்கான நாப்கின் மாதவிடாய் ரத்தத்துக்காகச் செய்தது. வேகமாக வரும் சிறுநீரை அது அந்த அளவுக்கு உறிஞ்சாது.

திருப்பூரில் பனியன் துணிக்குப் பஞ்சமில்லை. மென்மையான காட்டன் துணியை மடித்து வைப்பது செலவில்லாத வழிதான். ஆனால் துணி ஈரத்தை உள்ளே இழுத்துப் பூட்டாது, தோல் மேலேயே வைத்திருக்கும். அதனால் நனைந்த உடனே மாற்ற வேண்டும், சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். கம்பெனியில் கிடக்கும் கட்டிங் வேஸ்ட்டை அப்படியே எடுத்து வைக்கக் கூடாது. அதில் தூசியும் சாய மிச்சமும் இருக்கலாம்.

தோலைக் காப்பது முக்கியம். ஈரம் பட்ட இடத்தைத் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாக க்ரீமோ மெல்லிசாகத் தடவலாம். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டிகட்டியாகி உறுத்தும்.

ஒரு நாளைக்கு எத்தனை பேட் நனைகிறது என்பதைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். போன மாதம் ஐந்து, இந்த மாதம் மூன்று என்று கண்ணால் பார்ப்பது மனசுக்கும் தெம்பு.

நீண்ட பயணத்துக்கு, ஆணுறை போல மாட்டி காலில் கட்டும் பையோடு இணைக்கும் கருவி உண்டு. கசிவை அழுத்தி நிறுத்தும் கிளிப்பும் உண்டு. டாக்டர் சொல்லாமல் கிளிப்பைப் போடக் கூடாது. தூங்கும்போது அறவே கூடாது.

கம்பெனிக்குத் திரும்பும்போது என்ன கவனிக்க வேண்டும்?

எந்த வேலைக்கு, எப்போது திரும்பலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்க வேண்டும். 'வேலைக்குப் போகலாமா' என்று மட்டும் கேட்டால் போதாது. 'நின்னுகிட்டு கட்டிங் பண்றேன், துணி ரோல் தூக்குவேன்' என்று வேலையை விளக்கிச் சொல்ல வேண்டும்.

- முதல் ஆறு வாரம் வரை பாரம் தூக்குவதைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். துணி ரோல், பெட்டி, பண்டல் எல்லாம் இதில் அடங்கும்.
- டூவீலர் ஓட்டுவதையும் டாக்டர் சொல்லும் வரை தள்ளிப்போட வேண்டும்.
- ஆரம்பத்தில் ஒன்றரை ஷிப்ட் வேண்டாம். மாலையில்தான் கசிவு அதிகம் என்பதால், முதல் சில வாரம் ஒரு ஷிப்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.
- முடிந்தால் செக்கிங், பேக்கிங் போன்ற, பாரம் இல்லாத உட்கார்ந்த வேலையைக் கேட்டு வாங்கலாம்.
- இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாத்ரூம் போகும் பழக்கம் வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை 'எதுக்கும் போயிட்டு வந்துடலாம்' என்று போனால் சிறுநீர்ப்பை கொஞ்ச அளவுக்கே பழகிவிடும்.
- சாப்பாட்டுப் பையிலேயே இரண்டு மூன்று பேட், ஒரு மாற்று ஜட்டி, நனைந்ததைப் போட்டுக் கட்ட ஒரு பாலி பேக் வைத்துக்கொள்ளலாம். அடர் நிற பேண்ட் போட்டால் ஈரம் வெளியே தெரியாது.

பவர் டேபிளில் வரிசையாகத் துணி நகரும்போது, ஒரு டெய்லர் எழுந்து போனால் அடுத்தவரிடம் வேலை தேங்கும். அதனால் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நல்லது. என்ன நோய், எங்கே கசிகிறது என்றெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "ஆபரேஷன் ஆயிருக்குதுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாத்ரூம் போகோணும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்றால் போதும். டாக்டரிடம் ஒரு சீட்டும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

ஆண்கள் டாய்லெட்டில் ஒரு டப்பா ஏன் தேவை?

பெண்கள் கழிவறையில் நாப்கின் போடும் டப்பா இருக்கும். ஆண்கள் கழிவறையில் அது இருப்பது அரிது. நனைந்த பேட்டை எங்கே போடுவது என்று தெரியாமல், அதையே நாள் முழுக்க மாற்றாமல் இருப்பவர்களுக்குத் தோலில் புண் வருகிறது. டாய்லெட்டுக்குள் போட்டால் குழாய் அடைத்துக்கொள்கிறது.

இது திருப்பூர்ப் பிரச்னை மட்டும் அல்ல. பிரிட்டனில் 'புராஸ்டேட் கேன்சர் யு.கே.' என்ற அமைப்பு, ஆண்கள் கழிவறைகளிலும் டப்பா வைக்க வேண்டும் என்று தனிப் பிரசாரமே நடத்தியது. ஜப்பானின் சைதாமா பகுதியில் பொதுக் கழிவறைகளில் ஆண்களுக்கும் இப்படி டப்பா வைக்கத் தொடங்கினார்கள்.

மூடி போட்ட ஒரு டப்பாவுக்குப் பெரிய செலவில்லை. வெளிநாட்டு வாங்குபவர்களின் ஆய்வுக்காகக் கழிவறைகளைச் சுத்தமாக வைத்திருக்கும் கம்பெனிகள், கூடவே இதையும் செய்துவிடலாம். வயதான தொழிலாளர்கள், சர்க்கரை நோயாளிகள் என்று வெளியே சொல்லாத பலருக்கும் இது உதவும்.

சம்பளத்துக்கும் செலவுக்கும் என்ன வழி?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கி, இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும் தொழிலாளர்களுக்கு சிகிச்சையோடு நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. வழக்கமான நோய் விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய், நீட்டிக்கப்பட்ட உதவித்தொகைக்கான நோய்ப் பட்டியலில் வருகிறது. அதன்படி 80 சதவீதம் என்ற கணக்கில் இரண்டு வருடம் வரை பெற வழி இருக்கிறது. இதற்கு இரண்டு வருடத் தொடர் வேலையும், குறைந்தது 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழும் தேவை. அதனால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுப்பதற்கு முன் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

பீஸ் ரேட் கான்ட்ராக்ட்டில் இ.எஸ்.ஐ. இல்லாமல் வேலை செய்பவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். விவரங்களுக்கு 1800 425 3993 என்ற இலவச எண். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.

ஆபரேஷன் கோவையில் நடந்திருந்தாலும், சின்னச் சின்ன சந்தேகங்களுக்கெல்லாம் அங்கே அலைய வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காட்டலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி சேவையும் உண்டு. அதைப் பற்றி அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வெளியூரில் இருந்து வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பொதுக் கழிவறைதான். ராத்திரி அவசரத்துக்குப் படுக்கைக்குப் பக்கத்தில் யூரின் கேன் வைத்துக்கொள்ளலாம். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் காட்டன் விரிப்பு போட்டால் துவைக்கும் வேலை குறையும்.

மனைவியிடம் மறைப்பதால் ஆவது ஒன்றுமில்லை. துணி துவைக்கும்போது எப்படியும் தெரிந்துவிடும். தாம்பத்திய நேரத்திலும் சிலருக்குக் கசிவு இருக்கும். முன்னதாக சிறுநீர் கழித்துவிடுவது உதவும். சிறுநீரில் பொதுவாகப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. விறைப்புக் குறைபாட்டுக்கும் தனி சிகிச்சை உண்டு. அதையும் டாக்டரிடம் கேட்கலாம்.

பெரிய பதவியில் இருப்பவர்களும் இந்த நோயை மறைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின், 2023 டிசம்பரில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டதை அதிபரிடம்கூடச் சொல்லவில்லை. சிறுநீர்த் தொற்றால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

ஒரு வருடம் ஆகியும் நிற்கவில்லையா?

இனி இப்படியே காலத்தை ஓட்ட வேண்டியதுதான் என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதம் ஆகியும் முன்னேற்றமே இல்லை என்றால் யூராலஜிஸ்ட்டிடம் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். ஒரு வருடம் ஆகிவிட்டால் கட்டாயம் பேச வேண்டும்.

முதலில், தையல் போட்ட இடத்தில் குழாய் சுருங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை அடிக்கடி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். துடிப்பால் வரும் அவசரக் கசிவுக்கு மாத்திரை இருக்கிறது. இருமும்போது வரும் கசிவுக்கு இரண்டு ஆபரேஷன்கள் உள்ளன.

ஒன்று, குழாய்க்கு அடியில் பட்டி போலத் தாங்கு வைப்பது. இது குறைந்த, நடுத்தரக் கசிவுக்கு. இன்னொன்று, செயற்கைப் பூட்டு. குழாயைச் சுற்றி ஒரு வளையம், விதைப்பையில் ஒரு சின்ன பம்ப், வயிற்றுக்குள் ஒரு பலூன். பம்ப்பை அழுத்தினால் வளையம் திறந்து சிறுநீர் போகும், சில நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். 1972-ல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இந்தக் கருவி, கடுமையான கசிவுக்கு இன்றும் முதன்மையான சிகிச்சை. விலை அதிகம். காப்பீட்டில் கிடைக்குமா என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்க வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள் என்ன?

- குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்
- சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது முக்கினாலும் சொட்டுச் சொட்டாக மட்டும் வருவது
- கட்டிகட்டியாக ரத்தம்
- சிறுநீர் கழிக்கும்போது கடும் எரிச்சல், நாற்றம்
- ஒரு பக்கக் கெண்டைக்காலில் வீக்கம், வலி, அல்லது திடீர் மூச்சுத் திணறல்
- நன்றாகக் குறைந்து வந்த கசிவு திடீரென்று அதிகமாவது

அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 'ஒரு நாளைக்கு இத்தனை பேட் மாத்துறேன், இந்த வேலை செய்றேன், எப்போ சரியாகும்?' என்று நோயாளியே கேட்டுவிடலாம். பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டைப் போலவே, கசிவும் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்தான்.